காத்தாடி மாதிரி ஒரு பூ

பிப்ரவரி 11, புதன்

இன்றைக்கு ஆஸ்பத்திரித் தோட்டத்தில் ஒரு பூ திருடினேன். ஐம்பதைத் தொடப் போகிற வயதில் இது தேவையா? சோற்று டப்பாவுக்குள் போட்டு மூடும்போது வாட்ச்மேன் பார்த்துவிட்டார்.

"என்னம்மா அது?"

"மருந்து."

"எந்த டாக்டர் எழுதிக் குடுத்தாரு?"

"கை டாக்டர்."

டப்பாவைத் திறக்கச் சொன்னார். ஊதாப் பூ நாலு சோற்றுப் பருக்கைகளோடு மல்லாந்து கிடந்தது. அவர் பூவையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "சரி, போங்கம்மா" என்றார். அதட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த மரியாதையை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

ஆனால் நான் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. வீட்டுக்காரர் கடைப் பலகையும் சுவரும் எழுதுகிற பெயிண்டர். மழைக்காலத்தில் ஏணியிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டு ஒடிந்தது. கட்டுப் பிரித்தாயிற்று, எலும்பும் கூடிவிட்டது. விரல்தான் நடுங்குகிறது. கைக்குப் பயிற்சி கொடுக்கிற சின்னப் பெண்ணுக்கு நான் கை டீச்சர் என்று பேர் வைத்திருக்கிறேன். அவள் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, தினமும் அமுக்குங்கள் என்றாள். இவர் அதை வீட்டுக்குக் கொண்டு வந்து, இடது கையால் பாதியாக அறுத்து, மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டார். மேசை இப்போது ஆடுவதில்லை. கைதான் ஆடுகிறது.

இன்றைக்கு அவள் மேசைமேல் ஒரு சாமான் இருந்தது. இரண்டு மரப் பலகை, நாலு மூலையிலும் நீளமான போல்ட், மேலே இரண்டு காது வைத்த நட்டு. நடுவில் அட்டையும் காகிதமும். "உள்ளே பூவை வெச்சுத் திருகிட்டா, கலர் போகாம தட்டையா காஞ்சிடும்மா. நானே பண்ணினது" என்றாள். இவர் குனிந்து பார்த்தார். பார்த்தவர் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒரு நட்டைப் பிடித்து — வலது கையால்! — ஒரு முழுச் சுற்று சுற்றினார். நான் மூச்சு விடவில்லை. பிறகுதான் அவருக்கே தெரிந்தது போல. கையை எடுத்து, யாரோ மறந்துவிட்டுப் போன பையைப் போல மடியில் வைத்துக்கொண்டார்.

அந்தச் சாமானை நானும் செய்யப் போகிறேன். அதற்குத்தான் பூ.

நான் நாலாவது வரைக்கும் போனவள். என் எழுத்து கோணல். இருந்தாலும் எழுதுகிறேன். வீட்டில் பேசினால் பதில் வருவதில்லை. இந்த டைரியும் பதில் சொல்லாது, ஆனால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்ளாது.

பிப்ரவரி 12, வியாழன்

பூவை மெத்தைக்கு அடியில் வைத்திருந்தேன். காலையில் எடுத்தால், மேலே படுத்திருந்தவர் எப்படியோ அதுவும் அப்படியே. கறுத்துச் சுருண்டு, ஒரு வார்த்தைக்கும் வழியில்லாமல்.

பிப்ரவரி 13, வெள்ளி

கம்பெனியில் இன்றைக்கு என் கத்திரி நிற்கவே இல்லை. சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கிற நூலை வெட்டுவது என் வேலை. கை நூலில், நினைப்பு பலகையில். ஒரு சட்டையில் நூலோடு பொத்தானையும் வெட்டிவிட்டேன். பொத்தான் இல்லாமலே அழகாக இருக்கிறது என்று மேற்பார்வைப் பெண்ணிடம் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

வரும்போது தச்சுப் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் நல்ல மனுஷர், காதில் பென்சில் இல்லாமல் அவரைப் பார்த்ததில்லை. பழைய அலமாரிக் கதவிலிருந்து சதுரமாக இரண்டு துண்டு அறுத்துக் கொடுத்தார்.

"எதுக்கு தங்கச்சி? சப்பாத்திப் பலகையா?"

"எங்க வீட்டுக்காரர நடுவுல வெச்சுத் திருகலாம்னு இருக்கேன்ண்ணே."

"அவன் தாங்க மாட்டானே. குடு, ஓட்டையும் நானே போட்டுத் தரேன்."

வேண்டாம், துளைக்கிற மிஷினை மட்டும் இரவல் கொடுங்கள் என்று வாங்கி வந்தேன். எனக்கு எதற்கு இந்த வீறாப்பு? தெரியவில்லை. கை சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது. வீட்டில் ஒரு ஜோடிக் கை சும்மா இருப்பது போதாதா?

பிப்ரவரி 15, ஞாயிறு

ஓட்டை போட்டாயிற்று. முதல் பலகையில் நாலு. இரண்டாவது பலகையில் நாலு. முக்காலியில் ஒன்று.

முக்காலிமேல் பலகையை வைத்துத்தான் துளைத்தேன். மிஷின் பலகையோடு நிற்கும் என்று நினைத்தேன். அது நிற்கவில்லை. போகட்டும், முக்காலிக்கும் கொஞ்சம் காற்று வேண்டும்.

பிறகு போல்ட்டை மாட்டினேன். முதல் மூலை போயிற்று. இரண்டாவது இடித்துப் பிடித்துப் போயிற்று. மூன்றாவதுக்குச் சுத்தியல் வேண்டியிருந்தது. நாலாவது ஓட்டையும் அதன் ஜோடி ஓட்டையும் சம்பந்தமே இல்லாமல் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. பலகையைத் திருப்பிப் போட்டேன், குப்புறப் போட்டேன். திட்டியும் பார்த்தேன்.

இவர் கட்டிலில் தூங்குகிற மாதிரி படுத்திருந்தார். தூங்குகிற மனுஷன் வயிறு அப்படிக் குலுங்காது.

"ரெண்டு பலகையையும் சேத்து வெச்சு, ஒரே தடவையா ஓட்டை போடணும்" என்றார், கண்ணைத் திறக்காமல்.

"இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

"நீ எங்க கேட்டே?"

நான் கேட்கவில்லைதான். அவராக இத்தனை வார்த்தை பேசி எவ்வளவு நாளாயிற்று! நாலாவது மூலையில் இரண்டையும் சேர்த்துக் கட்டி, புதிதாக ஓட்டை போட்டேன். ஆக மூலையில் இப்போது ஒரு ஓட்டை அதிகம். கண் மாதிரி இருக்கிறது. இருக்கட்டும், அதுவும் பார்க்கட்டும் எங்கள் வீட்டு லட்சணத்தை.

பிப்ரவரி 16, திங்கள்

எழுதவே பிடிக்கவில்லை.

சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். இவர் போனில் பேசுவது கேட்டது. அந்தப் பக்கம் நெட்டை. நெட்டை என்றால் இவரோடு சேர்ந்து சுவர் எழுதின இன்னொரு பெயிண்டர், பேருக்கேற்ற உசரம். "ஞாயித்துக்கிழமை வா. பிரஷ், டப்பா, ஏணி எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடு. இங்க கெடந்து காயுது. காசெல்லாம் வேணாம், யாராவது எழுதினா சரி" என்கிறார். சோறு வேண்டாம் என்று சொல்கிற குரலில் சொல்கிறார்.

குழாயை மூட மறந்து நின்றேன்.

மாடியில் இருக்கிற அண்ணி, இவருடைய அக்கா, கீழே வந்தார். தம்பிக்கு ஊட்டிவிடாத குறையாகப் பார்த்துக்கொள்கிறவர். "நல்லதுதான்டா, விட்டுடு. உயிர் போகாம எலும்போட போச்சேன்னு இரு" என்றார். அவர் சொல்வதும் தப்பில்லை. ஆனா இவரு பிரஷ்ஷ குடுத்துட்டா அப்புறம் யாரு இவரு? கட்டில்ல கிடக்கிற ஒரு ஆளு. நான் யாரைக் கிண்டல் பண்றது? கிண்டல் பண்ணினா திருப்பிச் சொல்றதுக்கு ஆள் வேணாமா? சுவத்தையா பண்ண முடியும்?

ஞாயிறு. ஒரு வாரம்கூட இல்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

பலகைக்கு நடுவில் வைக்க அட்டை வேண்டும். கட்டிலுக்கு அடியில் ஒரு பழைய அட்டைப் பெட்டி கிடந்தது. இவர் குளிக்கப் போன நேரத்தில் இழுத்துப் பிரித்தேன்.

உள்பக்கம் முழுக்கக் கோடு. நீலப் பெயிண்டில் கோடு. ஒன்றுக்குக் கீழே ஒன்றாக மேலிருந்து கீழ் வரைக்கும். எல்லாம் நடுங்கி நடுங்கி, குளிரில் நிற்கிற ஆட்களைப் போல. கடைசிக் கோடு பாதியில் நின்று, அதன்மேல் பிரஷ்ஷைக் குத்தின மாதிரி ஒரு திட்டு.

நான் வேலைக்குப் போன பிறகு போட்டுப் பார்த்திருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. சுவரில் நூல் பிடிக்காமல் இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் ஒரே இழுப்பாக இழுக்கிற மனுஷன்.

நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன்? சோம்பேறி என்று. பிடிவாதம் என்று. அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லிச் சிரிக்கவும் செய்தேன்.

குளியலறைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அவசர அவசரமாகப் பெட்டியை மடித்து உள்ளே தள்ளினேன். அட்டைக்குக் கம்பெனிப் பெட்டி ஒன்றை எடுத்து வந்து வெட்டிக்கொண்டேன். சதுரம் என்று வெட்டினேன், எதுவும் சதுரமாக வரவில்லை.

பிப்ரவரி 18, புதன்

ஆஸ்பத்திரி. இவர் மருந்துச் சீட்டுக்கு வரிசையில் நிற்கும்போது கை டீச்சரைத் தனியாகப் பிடித்தேன். "கை எப்பம்மா சரியாகும்?"

"கை வந்துடும்மா. அவருதான் வர மாட்டேங்கிறாரு."

"பழைய மாதிரி நேர்கோடு வருமா?"

"அதை மட்டும் நான் சொல்ல முடியாதும்மா. கொஞ்சம் நடுக்கம் இருந்தாலும் இருக்கலாம். ஆனா சும்மா வெச்சிருந்தா இதுவும் போயிடும்."

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நல்ல பெண்.

வெளியே வந்தால் வாட்ச்மேன். "இன்னைக்கு மருந்து வேணாமாம்மா?" என்று கேட்டுவிட்டு, தெருப் பக்கம் திரும்பி ரொம்ப நேரம் எதையோ பார்த்தார். அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. நானும் அதிகம் எடுக்கவில்லை. ஒரே ஒரு ஊதாப் பூ, காம்போடு.

வீட்டுக்கு வந்ததும் பலகை, அட்டை, காகிதம், பூ, காகிதம், அட்டை, பலகை என்று அடுக்கினேன். நட்டைப் பாதி திருகினேன். "எனக்குக் கை வலிக்குது, இதுக்கு மேல வராது" என்று சொல்லி அவர் கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். அண்ணியிடம் போய் உப்பு கேட்டேன். எங்கள் வீட்டில் உப்பு இருக்கிறது. இரண்டாம் தடவை போய்ச் சீரகம் கேட்டேன். "உனக்கு என்ன ஆச்சு, நிக்க மாட்டேங்கிறியே?" என்றார் அண்ணி.

பிப்ரவரி 19, வியாழன்

நட்டு நாலும் இறுகியிருக்கிறது. என்னால் அசைக்க முடியவில்லை. அவரிடம் கேட்கவும் இல்லை. கேட்டால் கெட்டுவிடும்.

பிப்ரவரி 20, வெள்ளி

ஞாயிறு வரப் போகிறது. நட்டைத் திருகுகிறவர் பிரஷ்ஷைத் தொட வேண்டாமா? சரி, பலகைக்கு அலங்காரம் செய்வோம் என்று இறங்கினேன். மொட்டைப் பலகையாக இருந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்?

அவருடைய பெட்டியைத் திறந்து, பச்சை ஒன்று, ஊதா ஒன்று, கையில் அகப்பட்ட பிரஷ் ஒன்று எடுத்தேன். மேல் பலகையில் ஒரு பூ போட்டேன். அஞ்சு இதழ். ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. ஓட்டைக் கண் இருக்கிற மூலையில் இலை போட்டேன், அது மீன் ஆகிவிட்டது.

அண்ணி வந்து தலையைச் சாய்த்துப் பார்த்தார். "என்னம்மா இது, காத்தாடியா? கரண்ட்ல ஓடுறதா?"

"பூ அண்ணி."

"பூவா!" என்று கன்னத்தில் கை வைத்தார். "டேய், உன் பொண்டாட்டி பூ போட்டிருக்காடா, வந்து பாரு. கண்ணு கெட்டாலும் பரவாயில்ல."

இவர் எழுந்து வந்து பார்த்தார். திரும்பிப் போகப் போனவர் கண் டப்பாமேல் விழுந்தது. அப்படியே நின்றார்.

"எந்த பிரஷ் அது?"

"ஏதோ ஒண்ணு."

"ஏதோ ஒண்ணா! அடியே, அது எழுத்து ஓரம் போடுற பிரஷ்டி! அதைப் போயி டப்பாக்குள்ள தலைகீழா நிக்க வெச்சிருக்கியே — முடி வளைஞ்சா அவ்வளவுதான், செத்துச்சு! பத்து வருஷமா வெச்சிருக்கேன்! எடு, எடு, மண்ணெண்ணெய் எங்க?"

வீடே அதிர்ந்தது. அண்ணி மாடிப்படியில் பாதி ஏறிவிட்டார். இவர் தரையில் உட்கார்ந்து, கிண்ணத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி, அந்த பிரஷ்ஷை வலது கை விரலுக்கு நடுவில் வைத்துக் கசக்கி, அலசி, துணியில் ஒற்றி, மறுபடி அலசி, கடைசியில் உதட்டைக் குவித்து ஊதி, முடியை ஊசி மாதிரி கூர் பண்ணினார். விரல் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. நடுங்கிக்கொண்டே செய்தார்.

தெரியாமல்தான் செய்தேன். பாதி தெரியாமல்.

"எப்படியும் நெட்டைக்குத்தானே குடுக்கப் போறீங்க. வளைஞ்சா அவர் பாடு" என்றேன். அதிகப்பிரசங்கி நாக்கு. அவர் பிரஷ்ஷைத் துணியில் சுற்றி, பெட்டியில் வைத்து மூடினார். அந்த மூடலுக்கு என்ன அர்த்தம்? அதையே யோசித்து யோசித்துப் படுத்துப் புரண்டு எழுந்து இதை எழுதுகிறேன்.

பிப்ரவரி 21, சனி

வேலை விட்டு ஓடி வந்தேன். நடக்கவில்லை, ஓடித்தான் வந்தேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டு வந்தேன், உட்கார்ந்தால் மெதுவாகப் போகிற மாதிரி இருந்தது.

ஜன்னல் ஓரமாகப் பலகை. என் காத்தாடி இல்லை. சுத்தமாகத் தேய்த்தெடுத்து, வெள்ளைப் பூச்சு கொடுத்திருந்தது. மூலையில் அந்த உபரி ஓட்டைக்கு மரத்தூளும் பசையும் வைத்து அடைத்திருந்தது. நாலு நட்டும் ஒரு கிண்ணத்தில். ஊதாப் பூ காகிதத்தோடு தனியாக, அதன்மேல் ஒரு பெயிண்ட் டப்பா கனத்துக்கு. டப்பாவை நகர்த்திப் பார்த்தேன். தட்டையாகக் காய்ந்து, நிறம் அப்படியே இருக்கிறது.

இவர் கட்டிலில், சுவரைப் பார்த்து.

அண்ணி படியில் நின்று ஜாடை காட்டினார். மேலே போனேன். காதோடு சொன்னார்: "நீ போனதிலேர்ந்து உக்காந்து தேய்க்கிறாம்மா. சாப்பிடக் கூப்பிட்டேன், 'சும்மா இரு அக்கா'ங்கிறான். நான் எதுக்கும்மா அவனுக்கு ஊட்டி விடணும்?" சொல்லிவிட்டு அவரே மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

கீழே வந்தேன். நாக்கு நுனியில் ஏழெட்டுக் கிண்டல் வரிசை கட்டி நின்றது. ஒன்றையும் விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உப்பைத் தேடினேன். உப்பு கண்ணெதிரே இருந்தது.

பிப்ரவரி 22, ஞாயிறு

விடிந்ததிலிருந்து வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தேன். பால் பொங்கி வழிந்தது. துடைத்தேன். மறுபடி வைத்தேன். மறுபடி வழிந்தது.

இவர் ஜன்னலைப் பார்த்து, எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். என்ன செய்கிறார் என்று எட்டிப் பார்த்தால், "வெளிச்சத்த மறைக்காதே" என்றார். போய்விட்டேன். அந்த வார்த்தை, வேலை நடக்கும்போது மட்டும் சொல்கிற வார்த்தை.

நெட்டை வந்தார், வாசல் நிலையில் வழக்கம்போல நெற்றியை இடித்துக்கொண்டு. டீ கொடுத்தேன். கை நடுங்கித் தட்டில் சிந்தியது. இப்போது எனக்கு நடுக்கம்.

"எங்கப்பா சாமான்லாம்?" என்றார் நெட்டை.

"ஏணி பின்னாடி சாத்தியிருக்கு. எடுத்துக்கோ."

"பெட்டி?"

இவர் திரும்பவே இல்லை. "ஏணி மட்டும்தான். மேல ஏறுற வேலை இனிமே எனக்கு வேணாம். தரையில நின்னு எழுதுற பலகை ஏதாவது வந்தா இங்க அனுப்பு."

நெட்டை என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். பார்க்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கே தெரியாது.

நெட்டை எழுந்து போய் ஜன்னல் ஓரம் குனிந்தார். பலகையில் ஊதாப் பூ. அந்தக் காய்ந்த பூவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் போட்டிருக்கிறார். இதழ் ஓரமெல்லாம் சின்னச் சின்னதாக அலை அலையாக, நிஜப் பூவுக்கு இருக்கிற மாதிரியே.

"இந்த ஓரத்த எப்படிப்பா போட்டே?"

"நான் எங்க போட்டேன்? அதுவா வருது" என்றார் இவர். குரலில் சிரிப்பா, கோபமா, கண்டுபிடிக்க முடியவில்லை. நெட்டை நிஜமாகத்தான் கேட்டாரா, இவர் மனசுக்காகக் கேட்டாரா, அதுவும் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் அவருக்கு இரண்டாவது டீ கொடுத்தேன்.

"அண்ணே, உங்க உசரத்துக்கு ஏணி எதுக்கு? ஏணிக்குத்தான் நீங்க வேணும்" என்றேன்.

"வந்துட்டாடா வாயாடி" என்றார் இவர்.

வாயாடி! ஏணியிலிருந்து விழுந்ததற்கு அப்புறம் இன்றைக்குத்தான் அப்படிக் கூப்பிடுகிறார்.

சாயங்காலம் பூவுக்கு இன்னொரு பூச்சு, கெட்டியாகக் கொடுத்தார். காம்பு நேராக வர வேண்டும், அதைக் கடைசியில் பார்க்கலாம் என்று விட்டுவிட்டார்.

பிப்ரவரி 23, திங்கள்

காலையில் சேலைமேல் மாட்டுகிற கம்பெனிக் கோட்டைப் போட்டுக்கொண்டு, செருப்பு மாட்ட முக்காலியில் உட்கார்ந்தேன். பலகையை அவர் முக்காலியில்தான் காய வைத்திருந்தார். வேலைக்குப் போனேன்.

பஸ்ஸில் பின்னால் நின்ற பெண் "நல்லா இருக்குங்க" என்றாள். நன்றி சொன்னேன். கம்பெனியில் மேற்பார்வைப் பெண் என்னைச் சுற்றி வந்து, இது எந்த ஆர்டர், நம்ம யூனிட்டில் இந்த டிசைன் ஓடுகிறதா என்று கேட்டாள். சாப்பாட்டு நேரத்தில் கோட்டைக் கழற்றினபோதுதான், காயாத பலகைப் பூ அதன் பின்பக்கம் அச்சாகியிருப்பது எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் இவர் என்னைத் திருப்பி, விளக்கடியில் நிறுத்தி, ரொம்ப நேரம் பார்த்தார். "இதழ் அஞ்சும் விழுந்திருக்கு. காம்பு இல்ல" என்றார். பெட்டியைத் திறந்து, எழுத்து பிரஷ்ஷை எடுத்தார். இடது கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"அசையாதே."

நான் அசையவில்லை.

காம்பு கொஞ்சம் கோணலாக வந்திருக்கிறது என்று அண்ணி சொன்னார். எனக்குத் தெரியாது, அது எனக்குப் பின்னால் இருக்கிறது. நாளைக்கும் இதே கோட்டுதான். வேறு கோட்டு இல்லை.